கல்லறைத் திருநாளுக்கு யூஜின் விளக்கு

இனயம்
06.10.2024

அன்புள்ள ஜெனிலாவுக்கு,

மடத்தில் உனக்கு வேறு பெயர் வைத்திருக்கிறார்கள். அது என் வாயில் வராது. உன் அண்ணன் பெண்டாட்டி, மைனி எழுதுகிறேன். ஐந்தாம் வகுப்புக்காரி எழுத்து, தப்பு இருந்தால் நீயே திருத்திப் படி.

உன் அண்ணன் அடக்கத்துக்கு நீ வரவில்லை. அந்தக் கோபத்தில்தான் இவ்வளவு நாளும் எழுதவில்லை. கோபம் இன்னும் தீரவில்லை. ஆனால் ஒரு காரியம் ஆகவேண்டியிருக்கிறது.

கல்லறைத் திருநாள் வருகிறது. அவருக்கு இது முதலாவது. நம்ம கல்லறைத் தோட்டத்துக் கடல் காற்றில் எந்த மெழுகுதிரி நிற்கும்? அதனால் அவர் சேர்த்துவைத்த விளக்குகளில், வளைகுடாவிலிருந்து கொண்டுவந்த பச்சைக் கேம்ப் விளக்கைத் தலைமாட்டில் வைக்க ஆசை. எடுத்துத் துடைத்தேன். உள்ளே திரிக்குப் பதில் கட்டுகிற வலைப்பை, அந்த மேண்டில், எரிந்து வெறும் சாம்பலாகத் தொங்கியது. ஊதித் தள்ளிவிட்டேன். புதுசு கட்டி, மண்ணெண்ணெய் ஊற்றிப் பற்றவைத்தால் தீ கூரைக்குப் போகிறது. கண்ணாடியெல்லாம் கரி. பம்பு அடித்தால் காற்றே ஏறவில்லை.

அவர் உன்னிடம் இதெல்லாம் பேசுவார் என்று தெரியும். என்னிடம் பேசினால் "மண்ணெண்ணெய் நாத்தம், தள்ளிப் போவும்" என்பேன். தெரிந்தால் எழுது.

மைனி
விக்டோரியா

---

மடம்
15.10.2024

அன்பான மைனிக்கு,

உங்கள் கடிதத்தைப் பேசக்கூடாத நேரத்தில் பிரித்துவிட்டேன். சத்தமாகச் சிரித்ததில் மதர் திரும்பிப் பார்த்தார்கள். ஐயோ மைனி, அந்தச் சாம்பல்தான் மேண்டில்!

புதுசைக் கட்டி, முதலில் அதைக் கொளுத்தி முழுக்கச் சாம்பலாக்க வேண்டும். பிறகு விரல்கூடப் படக்கூடாது. அந்தச் சாம்பல்தான் வெளிச்சம் தரும். பம்புக்குள் தோல் வாஷர் காய்ந்திருக்கும், தேங்காய் எண்ணெயில் ஊறவையுங்கள். குழாய்க்கு அடியில் இருக்கும் சின்னக் கிண்ணத்தில் ஸ்பிரிட் எரிந்து குழாய் நன்றாகச் சுட்ட பிறகே பம்பு அடியுங்கள்.

அண்ணன் என்னைப் பார்க்க வந்தால் ஆளைப் பார்க்கும் அறையில் நடுவே அடைத்திருக்கும் கம்பிக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்து விளக்குப் பேச்சுத்தான். எனக்காக ஜெபி என்று ஒருநாளும் கேட்டதில்லை. கேட்டுக் கேட்டு மனப்பாடமாகிவிட்டது. ஆனால் அவர் விளக்கு ஒன்றுகூட எரிந்து நான் பார்த்ததில்லை.

அடக்கத்துக்கு வர எங்கள் மடத்து விதி விடவில்லை மைனி. அன்றைக்கு அடுக்களையில் எனக்கு வேறு வேலை. மதர் வந்து ஒரு கூடை வெங்காயத்தை என் முன்னால் வைத்துவிட்டுப் போனார்கள். சாயங்காலம்வரை உரித்தேன்.

ஜெனிலா

---

இனயம்
03.11.2024

ஏட்டி ஜெனிலா,

எரிஞ்சிட்டு!

நேற்றுச் சாயங்காலம் ஊர் முழுக்கக் கல்லறையில். காற்று வந்து எல்லார் திரியையும் அணைத்துவிட்டது. நம்ம விளக்கு மட்டும் 'உஸ்'ஸென்று நிற்கிறது. பக்கத்து வீட்டு ரெஜிலா, "இது யூஜின் அண்ணன் கல்லறையா, கல்யாண வீடா மைனி?" என்கிறாள். "உனக்கென்னட்டி, வந்து உன் திரியைக் கொளுத்திட்டுப் போ" என்றேன். பிறகு ஒவ்வொருவராக வந்து அந்த வெளிச்சத்தில் கை மறைத்துத் திரி கொளுத்தினார்கள்.

பங்குச்சாமியாருக்கு இருட்டில் இறந்தவர்கள் பெயர் வாசிக்கத் தாள் தெரியவில்லை. விளக்கைத் தூக்கிக்கொண்டு போய்ப் பக்கத்தில் நின்றேன். யூஜின் என்று வாசித்தபோதும் நான்தான் பிடித்திருந்தேன். என் கை ஆடவில்லை. ஆடினால் மேண்டில் உதிர்ந்துவிடுமே.

ஒன்று உன்னிடம் சொல்லவில்லை. நான் முதலில் ஊதித் தள்ளியது அவர் கையால் கட்டிய கடைசி மேண்டில். உன் கடிதம் பார்த்த அன்று முழுக்க அழுதேன். இடையிடையே சிரிப்பும் வந்தது. இருந்திருந்தால் ஊரெல்லாம் சொல்லிச் சிரித்திருப்பார், பாவி மனுஷன்.

உன் மடத்தில் ஆளைப் பார்க்க விடும் நாள் எது என்று எழுது. விளக்கோடு வருகிறேன். பஸ் குலுக்கலில் இந்த மேண்டில் உதிரும். உதிரட்டும், புதுசு வாங்கிவிட்டேன். கம்பி வழியாக உன் கை வருமா? வந்தால் முடிச்சு நீ போடு, தீக்குச்சி நான் உரசுகிறேன்.

தீ கொஞ்சம் மேலே போகும். மதரிடம் முன்னாடியே சொல்லிவை.

உன் மைனி
விக்டோரியா