மாடுகளுக்கு லீவு விட்ட நாள்

ஏட்டையா,

போன வெள்ளிக்கிழமை உங்கள் பழைய ஸ்டேஷனிலிருந்து என்னையும் தம்பி செல்வராசையும் ஆளனுப்பிக் கூப்பிட்டார்கள். பதறாதீர்கள், அவன் நன்றாக இருக்கிறான். மனசு சரியில்லாதவர்களைப் போலீஸ் எப்படிக் கூட்டிப் போக வேண்டும் என்று புதுப் பிள்ளைகளுக்கு ஒரு வகுப்பு. பாடம் எடுப்பது நமக்குத் தெரிந்த ஆஸ்பத்திரி டாக்டரம்மா. உதாரணம் நாங்கள் இரண்டு பேர். மண்டபத்துக்குள் கால் வைத்ததும் கஞ்சி போட்ட காக்கித் துணி வாசம் குப்பென்று அடித்தது. என்னையறியாமல், "வாங்க ஏட்டையா" என்று திரும்பிவிட்டேன். பின்னால் நின்ற பையன், "நான் கான்ஸ்டபிள் சார்" என்றான், பதவி உயர்வு வந்த மாதிரி கூச்சத்தோடு.

உங்களுக்கு அந்தக் கூச்சமெல்லாம் கிடையாது. நீங்கள் முதன்முதலாக என் கடைக்குள் வந்த அன்றே என் புண்ணாக்கு மூட்டை மேல் உட்கார்ந்து, "முதலாளி, ஒரு டம்ளர் தண்ணி" என்றவர்.

அன்றைக்கு நடந்ததைச் சந்தையில் ஆளுக்கு ஒரு விதமாகச் சொல்கிறார்கள். ஒருவன் சொல்வதில் நீங்கள் மாட்டின் மேல் ஏறி வந்தீர்களாம். நடந்தது இதுதான். மாட்டு வியாபாரியான என் தம்பி அஞ்சு ராத்திரியாகத் தூங்கவில்லை. பேச்சு நிற்கவில்லை. வாங்கிய மாட்டை விற்றவனிடமே திருப்பி விற்றான். விடிந்ததும் சந்தைக்குப் போய், கட்டியிருந்த ஒரு வரிசை மாட்டை அவிழ்த்து விட்டுவிட்டு, என் குட்டியானை லோடு வண்டியின் கூரை மேல் ஏறி நின்றான்.

"இன்னைக்கு மாடுகளுக்கு லீவு! நாம மட்டும் தீவாளி, பங்குனின்னு லீவு எடுக்கிறோம், அதுக என்ன பாவம் பண்ணுச்சு?"

"மாட்டுப் பொங்கல் இருக்குல்லப்பா!" என்றான் கீழே ஒருத்தன்.

"அன்னைக்கும் கொம்புல பெயிண்ட் அடிச்சு ஊர்வலம் போகச் சொல்றீக. அது லீவா?"

 

லீவு கிடைத்த மாடுகள் மெயின் ரோட்டுக்குப் போய் பஸ்ஸை நிறுத்தின. ஒரு மயிலைக் காளை பூக்கடையில் நுழைந்து கோழிக்கொண்டை மாலையைத் தின்றது. மாட்டுக்காரர்கள் கொதித்துப்போனார்கள். "பைத்தியத்தைக் கட்டிப் போடுங்கடா" என்று ஆரம்பித்துவிட்டார்கள். கட்டுவதற்குக் கயிறு வேண்டும். சந்தையில் கயிறு விற்கும் கடை என்னுடையது ஒன்றுதான். நாலு பேர் வந்து, "அண்ணாச்சி, நல்ல தும்புக்கயிறா ரெண்டு குடுங்க" என்றார்கள். யாரைக் கட்ட என்று அவர்களும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. "ஸ்டாக் இல்லப்பா" என்றேன். என் தலைக்கு மேலே கயிறு கொத்துக் கொத்தாகத் தொங்குகிறது. சைக்கிளில் புண்ணாக்கு கட்டி விற்ற காலத்திலிருந்து, கேட்ட சரக்கு இல்லை என்று நான் சொன்னது அந்த ஒரு தரம்தான். அவர்கள் மேலே பார்த்தார்கள், என்னைப் பார்த்தார்கள். "அது டிஸ்பிளேக்கு" என்றேன்.

சிரிப்பாகத்தான் இருக்கிறது இப்போது. அப்போது இல்லை. அந்தச் சந்தையில் கட்டப்படுவது மாடு மட்டும்தான் ஏட்டையா. ஒரு வியாபாரியை அங்கே நாலு பேர் பார்க்கக் கட்டி இழுத்துவிட்டால், அவன் குணமாகித் திரும்பி வந்தாலும் அவன் சொல்லுக்கு எவனும் மாட்டை அவிழ்க்க மாட்டான். நோய்க்கு மாத்திரை இருக்கிறது. அதற்கு இல்லை.

ஜீப் அன்றைக்கு மந்திரி பந்தோபஸ்துக்குப் போயிருந்தது எங்கள் நல்ல காலம். நீங்கள் மட்டும் மொபெட்டில் வந்தீர்கள். கூரை மேல் இருந்தவனை ஒரு பார்வை பார்த்துவிட்டு நேராக என் கடைக்குள் வந்து, தண்ணீரைக் குடித்துவிட்டு, குரலைத் தாழ்த்திச் சொன்னீர்கள்:

"முதலாளி, ஒளிக்காமச் சொல்லிர்றேன். இந்த மாதிரி கேசுக்குப் புதுச் சட்டம் வந்திருக்கு. ஒரு நாள் வகுப்புக்கு என்னையும் அனுப்புனாக. காலையில சொன்னது எல்லாம் மனப்பாடம். அடிக்கக் கூடாது, லாக்கப்ல போடக் கூடாது, எதுக்குக் கூட்டிட்டுப் போறோம்னு அவருகிட்டயே சொல்லணும். அப்புறம் மதியம் பிரியாணி போட்டாக."

"சரி?"

"தூங்கிட்டேன். என்ன செய்யக் கூடாதுன்னு தெரியும். என்ன செய்யணும்ங்கிறது மதியம் சொன்னது."

அம்புட்டுப் பயத்திலும் எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. நீங்கள் லட்டியை என் தராசுக்குப் பின்னால் சாத்தினீர்கள். தொப்பியைப் பருத்திக்கொட்டை மூட்டை மேல் வைத்தீர்கள். சட்டையைக் கழற்றி மடித்து என் கையில் கொடுத்துவிட்டு, பனியனும் காக்கிப் பேண்ட்டுமாக வெளியே போனீர்கள். கூட்டம் விலகி வழி விட்டது, மரியாதையில் இல்லை, திகைப்பில். குட்டியானைப் பக்கத்தில் இருந்த தண்ணித் தொட்டி விளிம்பில் உட்கார்ந்து, முகம் கழுவ ஆரம்பித்தீர்கள்.

தம்பிதான் பொறுக்க மாட்டாமல் கேட்டான்: "யாருய்யா அது, சட்டை இல்லாம?"

"ஏட்டு. உன்னைய ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போக வந்திருக்கேன். காரணம் சொல்லணும்னு சட்டம், சொல்லிர்றேன் கேட்டுக்க. அஞ்சு நாளா நீ தூங்கல. அதான் காரணம்."

"தூங்காதது குத்தமா?"

"குத்தம்னா ஸ்டேஷனுக்குல்ல கூட்டிட்டுப் போவேன்? குத்தம் இல்லாததுனாலதான் ஆஸ்பத்திரி."

தம்பி யோசித்தான். அஞ்சு நாளில் அவன் யோசிக்க நின்றது அப்போதுதான். "எத்தனை நாளைக்குக் கேக்குறீக?"

"பத்து நாள் குடு."

"ஏலே, பத்து நாளாம்டா!" என்று கூட்டத்தைப் பார்த்துச் சிரித்தான். பிறகு கூரை விளிம்பில் உட்கார்ந்து, தோளில் கிடந்த துண்டை உதறி, "கேக்குறதுன்னா முறையாக் கேளுங்க" என்று கையை நீட்டினான்.

எங்கள் மாட்டுச் சந்தையில் விலையை வாயால் சொல்வதில்லை. இரண்டு பேர் கையையும் துண்டால் மூடி, உள்ளே விரலைப் பிடித்துப் பேரம். பக்கத்தில் நிற்பவனுக்குத் தெரியாது. முடிந்தது என்று கையை அழுத்திவிட்டால் முடிந்ததுதான், வானம் இடிந்தாலும் மாறாது. நீங்கள் தொட்டி மேல் ஏறி நின்று துண்டுக்குள் கையை விட்டீர்கள். இரண்டு பேர் முகத்தைப் பார்த்தும் ஒன்றும் கண்டுபிடிக்க முடியவில்லை. தம்பி உதட்டைப் பிதுக்குகிறான். நீங்கள் கையை உருவப் பார்க்கிறீர்கள், அவன் விடவில்லை.  கடைசியில் துண்டு ஒரு தரம் குலுங்கியது.

அப்போதுதான் வந்து சேர்ந்தார் தரகர் மாயாண்டி. ஊரிலிருந்து அந்த நிமிஷம்தான் இறங்கியிருக்கிறார். என்ன நடக்கிறது என்று ஒன்றும் தெரியாது. துண்டு மூடிய இரண்டு கையைப் பார்த்தால் அவருக்கு வேறெதுவும் தெரியாது. கூட்டத்தை இடித்துக்கொண்டு வந்து, "எம்புட்டுக்கு முடிச்சீக? எம்புட்டா இருந்தாலும் ஐநூறு கூட நான் தாரேன்!" என்று கத்தினார்.

தம்பிக்கு வந்ததே கோபம். "யோவ் தரகரே! கை குடுத்தாச்சு. கை குடுத்த பெறகு கூட்டிக் கேக்குறவன் மனுசனா? செல்வராசு குடுத்த சொல்லு ஐநூறு ரூவாக்கு மாறுமா?"

"இல்லப்பா, நல்ல உருப்படியா இருக்குமேன்னு..."

"உருப்படி நான்தான்யா!"

சொல்லிவிட்டு விறுவிறுவென்று இறங்கி, வண்டியின் முன்சீட்டில் தானே போய் உட்கார்ந்துகொண்டான். பேசி முடித்த சரக்கை ஒப்படைக்கும் அவசரம். மாயாண்டி மட்டும் வராமல் இருந்திருந்தால் அவன் இன்னொரு மணி நேரம் மேலேயே உட்கார்ந்திருப்பான் என்றுதான் நான் இன்றைக்கும் நினைக்கிறேன். அதற்காக அவருக்குத் தரகு கொடுக்கச் சொன்னீர்களே, வாங்கிக்கொண்டார்.

நான் ஓட்ட, தம்பி என் பக்கத்தில். வண்டிப் பின்னால் ஏற்கெனவே ஏற்றியிருந்த செவலைக் காளையை இறக்க நேரமில்லை. நீங்கள் அதன் திமிலைப் பிடித்துக்கொண்டு பனியனோடு நின்று வந்தீர்கள். பஸ் ஸ்டாண்டைத் தாண்டும்போது பார்த்தவர்களெல்லாம் போலீஸ் மாட்டைத்தான் கைது செய்து கொண்டுபோகிறது என்று நினைத்தார்கள். முன்சீட்டில் இருந்தவனை ஒருத்தரும் பார்க்கவில்லை. அதுதான் உங்களுக்கு வேண்டியதும்.

துண்டுக்குள் முடிந்தது நாலு நாள். நாலாம் நாள் டாக்டரம்மா, இன்னும் கொஞ்சம் இருக்க வேண்டும் என்றார். தம்பி, "கை குடுத்தது நாலு" என்று சட்டையை மாட்டினான். உங்களுக்குப் போன் போட்டேன். "துண்டு கொண்டு வாரேன்" என்றீர்கள். டாக்டரம்மா உங்களையும் அவனையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, "நான்தானே டாக்டர், என்கிட்ட பேசுங்க" என்று அவரே துண்டுக்குள் கையை விட்டார். ஒரு வாரம் வாங்கிவிட்டார். "அந்தம்மா மாட்டு வியாபாரத்துக்கு வந்தா நாம கடையை மூட வேண்டியதுதான்" என்றான் தம்பி. குணமாகிறான் என்று அப்போதுதான் எனக்கு நம்பிக்கை வந்தது.

அதன் பிறகு சந்தை நாளெல்லாம் என் கடையில் உங்களுக்கு ஒரு டீ. ஒரு நாள் கேட்டீர்கள்: "காய்ச்சல்னா ஆம்புலன்ஸைக் கூப்பிடுறீக. மனசு கலைஞ்சா மட்டும் ஏன் முதலாளி எங்களைக் கூப்பிடுறீக? திருடனைப் பிடிக்கப் படிச்ச ஆளுய்யா நான்." அன்றைக்கு வடை வாங்கிக் கொடுத்துத் தப்பித்தேன். ஆனால் கேள்வி சரியான கேள்வி. நான் வியாபாரி, எனக்குத் தெரிந்த மாதிரி சொல்கிறேன். அந்தச் சட்டம் நல்ல சரக்கு. குறை சொல்ல முடியாது. லாரிதான் கடைசி ஊர் வரைக்கும் வரவில்லை. குஜிலியம்பாறை மாதிரி ஒதுக்குப்புறத்தில் ஒருத்தனுக்கு ராத்திரி மனசு கலைந்தால் வந்து நிற்பது இன்றைக்கும் டாக்டர் இல்லை, நர்ஸ் இல்லை, ஜீப்தான். ஜீப்பில் உங்களை மாதிரி ஒருத்தர் இருந்தால் அவன் பிழைத்தான். இல்லாவிட்டால் கயிறு. அதிர்ஷ்டத்தை நம்பி நான் ஒரு மூட்டை தவிடு கூட வாங்கியதில்லை. தம்பியை எப்படி விடுவது?

நீங்கள் ரிட்டயர் ஆனபோதே அந்தப் பயம் வந்துவிட்டது. போன தையில் நீங்கள் தூக்கத்திலேயே போய்விட்டீர்கள் என்று கேள்விப்பட்டபோது முதலில் அழுகை வரவில்லை, அடுத்த தரம் யார் வருவார்கள் என்றுதான் தோன்றியது. கோபித்துக்கொள்ள மாட்டீர்கள் என்று தெரியும். அழுகை பிறகு வந்தது, கடை சாத்தும்போது.

வெள்ளிக்கிழமை வகுப்பிலும் மதியம் பிரியாணிதான் ஏட்டையா. டாக்டரம்மா கெட்டிக்காரி. சாப்பிட்ட பிறகு அரைத் தூக்கத்தில் இருந்த பிள்ளைகள் முன்னால் தம்பியை நிறுத்திவிட்டார். அவன் மாட்டு லீவிலிருந்து ஆரம்பித்தான், ஒருத்தனும் தூங்கவில்லை. நீங்கள் தூங்கிக் கழித்த பாதியை நான் அன்றைக்குத்தான் கேட்டேன். ஒருத்தன் நன்றாக இருக்கும்போதே, பிறகு முடியாமல் போனால் தன்னை எப்படி நடத்த வேண்டும், தனக்காக யார் பேச வேண்டும் என்று அவனே முன்கூட்டி எழுதி வைக்கலாமாம். அது சட்டத்திலேயே இருக்கிறதாம்.

தம்பி அங்கேயே புது இன்ஸ்பெக்டர் பக்கம் திரும்பினான். "அப்ப இப்பவே பேசிருவோம் சார்." இன்ஸ்பெக்டருக்குக் கதை தெரியும். சிரித்துக்கொண்டே மேசை மேல் கிடந்த துண்டை எடுத்து நீட்டினார்.

"அது வேணாம் சார்," என்றான் தம்பி. "மாட்டு விலைதான் மூடிப் பேசணும். இது எல்லாருக்கும் கேக்கட்டும்."

அரை மணி நேரம் பேசினார்கள். இன்ஸ்பெக்டர் இரண்டு இடத்தில் முரண்டு பிடித்தார், டாக்டரம்மா முறைத்ததும் இறங்கி வந்தார். நான் நடுவில் வாயைத் திறந்தேன், இரண்டு தரப்பும் சேர்ந்து என்னை உட்காரச் சொன்னது.

முடிந்தது இதுதான். ஜீப் வராது. வருகிறவர் லட்டியை வெளியே வைத்துவிட்டு வர வேண்டும். முதல் பேச்சு அவனிடம்தான், காரணமும் அவனிடம்தான். கயிறு என்ற பேச்சே கிடையாது. அவனுக்காகப் பேசுவது அவன் பெண்டாட்டி மலர், அண்ணன் இல்லை. அவன் தரப்பில், இரண்டு ராத்திரி தூக்கம் போனால் மூன்றாம் ராத்திரிக்குக் காத்திருக்காமல் டாக்டரம்மாவிடம் வந்துவிடுவான், மாத்திரையைத் தானாக நிறுத்த மாட்டான், அடுத்தவன் மாட்டுக்கு லீவு விட மாட்டான், தன் மாட்டுக்கு விட்டால் யாரும் கேட்கக் கூடாது. என் தரப்பில், வண்டி என்னுடையது, டீசல் என்னுடையது, ஆஸ்பத்திரி போய்ச் சேரும் வரை பேச்சு மட்டும் என்னுடையது இல்லை.