மூன்று சாக்பீஸ் வட்டங்கள்

என் மூத்த மகனுக்கு,

கப்பலில் நீ நோய்நொடி இல்லாமல் இருக்கிறாய் என்ற நம்பிக்கையோடு அப்பா சொல்லும் கடிதம் இது. எழுதுவது நம் தெருமுனைத் தையல்கடை அம்மா. தம்பி மனைவியிடம் சொல்லி எழுதியிருக்கலாம். அவளுக்கு இது ஏழாவது மாதம். இதையெல்லாம் அவள் கையால் எழுத வைக்கக் கூடாது.

வீட்டில் எல்லோரும் சுகம். சமையலறைக் கூரை ஓடு மாற்றியாகிவிட்டது. நீ அனுப்பிய கம்பளிச் சட்டை எனக்குத் தொளதொளவென்று இருக்கிறது. தம்பி போட்டுக்கொண்டு திரிகிறான்.

இனி தம்பி வாங்கப் பேசியிருந்த பழைய படகு விஷயம். படகைச் சோதித்துச் சொல்ல நீ அங்கிருந்தே ஏற்பாடு செய்த சர்வேயர் அம்மா போன மாதம் எட்டாம் தேதி, செவ்வாய்க்கிழமை, காலை ஏழரைக்கு வந்தார். முப்பத்தைந்து வயது இருக்கும். படகைக் கரையேற்றிக் கட்டையில் நிறுத்தினால்தான் பார்ப்பேன் என்று கறாராகச் சொல்லிவிட்டார். அடியில் மல்லாந்து படுத்து, சின்னச் சுத்தியலால் ஒவ்வொரு பலகையாகத் தட்டினார். மதியம் வரை சாப்பிடக்கூட எழுந்திருக்கவில்லை. நாற்பத்தொரு வருஷம் அதே படகுப் பட்டறையில் தச்சனாக இருந்த எனக்கே அவர் வேலை பிடித்திருந்தது. கடைசியில் வலது பக்கம், அடிக்கட்டையை ஒட்டி, சாக்பீசால் மூன்று வட்டம் போட்டார். இந்த இடத்தில் பலகை உளுத்திருக்கிறது, உள்ளே போல்ட்டும் தேய்ந்திருக்கும், மாற்றாமல் வெளிக்கடலுக்குப் போகக் கூடாது என்று எழுதிக் கொடுத்தார். உனக்கும் அனுப்பினாராம்.

தம்பி முகம் செத்துப்போயிற்று. ஆலை வேலையை விட்டுவிட்டு இந்தப் படகை நம்பி நிற்கிறவன். சுத்தியலை என் கையில் கொடுத்து, "அவங்க படிச்சுட்டு வந்து சொல்றாங்க. நீ தட்டிப் பாத்துச் சொல்லுப்பா. உன் காதுக்குத் தெரியாததா?" என்றான். பட்டறை ஆட்கள் ஒன்பது பேர் சுற்றி நின்றார்கள். மேஸ்திரி, "பெரியவர் தட்டினா மரமே வாயத் தொறந்து உண்மையச் சொல்லிடும்" என்றார்.

தட்டினேன். மூன்று வட்டத்திலும் தட்டினேன். "கல்லு மாதிரி இருக்கு" என்றேன்.

மகனே, எனக்குக் காது கேட்காது. வலது காது நீ நாலாம் வகுப்பு படித்த வருஷம், பக்கத்துப் படகில் சிலிண்டர் வெடித்த அன்றே போனது. இடது காது உங்கள் அம்மா இறந்த பிறகு கொஞ்சம் கொஞ்சமாகப் போனது. அவள் இருந்தவரை என் பக்கம் முகத்தைத் திருப்பி இரண்டாம் முறை சொல்லுவாள். யாருக்கும் தெரியாமல் பார்த்துக்கொண்டாள். இப்போது உதடு பார்த்துப் புரிந்துகொள்கிறேன். அன்று அந்தப் பலகையிலிருந்து ஒரு சத்தமும் எனக்கு வரவில்லை. ஆனால் மணிக்கட்டுக்குத் தெரிந்தது. நல்ல மரம் சுத்தியலைத் திருப்பித் தள்ளும். அந்த மூன்று இடமும் தள்ளவில்லை. தெரிந்தும் சொன்னேன். ஒன்பது பேர் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

நீயும் அன்று மாலை போன் செய்தாய். உதட்டைப் பார்க்க முடியாத போனில் எனக்கு என்ன தெரியும்? படகைப் பற்றிக் கேட்கிறாய் என்று தம்பி கைசாடை காட்டினான். "நல்லா இருக்குப்பா" என்றேன். நீ என்னென்ன கேட்டாயோ. என்னை நம்பி நீயும் சரி சொல்லிவிட்டாய். மறுநாளே தம்பி படகை எழுதி வாங்கிவிட்டான். சாக்பீஸ் வட்டத்தின் மேல் நீலப் பெயின்ட் அடித்தாகிவிட்டது.

நாலு நாள் தூக்கமில்லை. ஐந்தாம் நாள் தம்பியிடம் எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். சிரிக்கிறான். "ஆலைய விட்டதுல உனக்கு இன்னும் கோவம். அதுக்குச் செவிடு வேஷமா? நேத்து நான் முணுமுணுத்ததுக்குக்கூட வெடுக்குனு பதில் சொன்னியே!" என்கிறான். தம்பி மனைவியும், "மாமா, சாப்பிடக் கூப்பிட்டா மட்டும் கேக்குதோ?" என்று கிண்டல் செய்கிறாள். அத்தனை வருஷம் அத்தனை நன்றாக நடித்திருக்கிறேன்.

மேஸ்திரியைத் தனியே கூப்பிட்டு, நீ ஒரு தடவை தட்டிப் பார் என்று கெஞ்சினேன். "நீங்க பாத்த பலகைய நான் பாக்கறதா? என்னை என்ன பைத்தியக்காரன்னு நினைச்சீங்களா?" என்று கையெடுத்துக் கும்பிட்டுவிட்டுப் போய்விட்டார். இரண்டு பஸ் மாறி சர்வேயர் அம்மாவின் ஆபீசுக்கும் போனேன். எனக்காக ஒவ்வொரு சொல்லாக, வாய் திறந்து பேசினார். "ஐயா, நான் எழுதத்தான் முடியும். படகைப் பிடிச்சு வைக்க எனக்கு அதிகாரம் இல்லை" என்றார். வாசல் வரை கையைப் பிடித்துக் கூட்டி வந்து விட்டார்.

கரையோரமாக ஓட்டிப் பார்த்ததில் ஒரு சொட்டுத் தண்ணீர் ஏறவில்லை என்று தம்பிக்குப் பெருமை. கரையோரம் ஏறாது. வெளிக்கடலில் தூக்கிப் போடும்போதுதான் பலகை வாய் பிளக்கும். இந்த மாதம் இருபத்தொன்றாம் தேதி விடிந்ததும் வெளிக்கடலுக்குப் போகிறான். கூட மூன்று பேர். மூவருக்கும் பிள்ளைகள் இருக்கிறார்கள்.

தையல்கார அம்மா உன் போனுக்குச் செய்தி அனுப்பினார். இன்னும் ஒற்றை டிக்தான் காட்டுகிறதாம். பத்தொன்பதாம் தேதி உன் கப்பல் துறைமுகம் தொடும், அதுவும் நிச்சயமில்லை என்று உன் கம்பெனியில் சொல்கிறார்கள். அதனால் அந்தத் துறைமுக ஏஜென்ட் பெயருக்கு இதைக் கூரியரில் போடுகிறோம். கையில் கிடைத்ததும் தம்பியைக் கூப்பிடு. நீ சொன்னால் கேட்பான். அப்பாவுக்கு நிஜமாகவே காது கேட்காது என்று நீ சொல். திட்டாதே. அவன் தப்பு எதுவும் இல்லை, என் பேச்சை நம்பினான், அவ்வளவுதான்.

இன்னொன்று. முதல் பயணத்துக்கு நானும் வருகிறேன் என்று நேற்று தம்பியிடம் சொன்னேன். கோவம் தீர்ந்துவிட்டது என்று நினைத்துக் கட்டிப்பிடித்துக்கொண்டான். எனக்கு உட்கார இடம் எங்கே வேண்டும் என்று கேட்டான். வலது பக்கம், கீழே, அடிக்கட்டையை ஒட்டி என்றேன். அங்கே ஒரு பழைய மெத்தை போட்டு வைத்திருக்கிறான். உள்ளங்கையைப் பலகையில் வைத்தபடி இருப்பேன். ஈரம் தட்டினால் உடனே தெரிந்துவிடும், திருப்பச் சொல்ல நேரம் இருக்கும்.

நீ நல்லா இருக்கணும் ராசா. தம்பிக்குப் பிறக்கப்போகும் பிள்ளை உன் மடியில் தவழணும். அதை நீ வந்து பார்த்துக்கொள்.

உன் அப்பா
(இடது பெருவிரல் ரேகை)