முதல் கூடை

மரக்காணம்
15-2-1974

அன்பு ஞானத்துக்கு,

உப்பளத்தில் எல்லாரும் சுகம். அம்மாவுக்குத்தான் முழங்கால் வலி, வாய்க்கு ஒன்றுமில்லை.

பாத்தியில் உப்பு பூத்துவிட்டது. முதல் கூடையை வழக்கம்போல வீட்டு மருமகள்தான் தலையில் சுமந்து வரப்பில் கொட்ட வேண்டும். "அவ வராம ஒருத்தரும் பாத்தியில கால் வைக்கக் கூடாது, சொல்லிட்டேன்" என்று அம்மா ஒற்றைக் காலில் நிற்கிறாள். வியாழக்கிழமைதான் ஆகுமாம், ஞாயிறு கூடாதாம். ஒரு நாள் லீவு தரமாட்டார்களா? பி.ஏ. முடித்தவளுக்கு இன்னும் என்ன பயிற்சி என்று எனக்கு விளங்கவே இல்லை.

உன் கணவன்,
அப்பாதுரை

சைதாப்பேட்டை, விடுதி
18-2-1974

மாமாவுக்கு ஞானாம்பாள் வணக்கம்.

எத்தனை முறை சொல்வது? வெறும் பி.ஏ.வுக்கு உயர்நிலைப் பள்ளியில் தற்காலிக வேலைதான். போன வருஷம் பயிற்சி பெற்றவர் ஒருவர் வந்ததும் என்னை வீட்டுக்கு அனுப்பினார்களே, மறந்துவிட்டதா? பி.எட். தேறினால்தான் வேலைவாய்ப்பு அலுவலகத்தில் ஆசிரியை என்று பெயரைப் பதிவார்கள். அதற்கு நான் வகுப்பெடுப்பதைத் தேர்வாளர் வந்து பார்க்க வேண்டும். எந்த நாளும் வருவார். நான் இல்லாத நாளில் வந்தால் இந்த வருஷமே போச்சு.

பாப்பாத்தியக்கா நம் அளத்தில்தானே காலமெல்லாம் உப்பு வாருகிறார்? அவர் தூக்கட்டும்.

உங்கள் ஞானம்

மரக்காணம்
22-2-1974

அன்பு ஞானம்,

பாப்பாத்தியிடம் கேட்டேன். "ஐயோ, அம்மா வூட்டுக் கூடைய நான் தொடமாட்டேங்க. அப்புறம் மழை வந்தா என்னியத்தான் திட்டுவாங்க" என்று ஓடியேவிட்டாள். ஆட்கள் வேலையில்லாமல் உட்கார்ந்து பீடி பிடிக்கிறார்கள். உப்பு தரையோடு இறுகுகிறது. தெற்கே மேகம் தெரிகிறது. எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. இருந்தாலும் உனக்காகக் காத்திருக்கிறேன்.

அப்பாதுரை

சைதாப்பேட்டை
26-2-1974

மாமா,

தேர்வாளருக்கு உடம்பு சரியில்லை, அடுத்த வாரம்தான் வருவாராம். யார் உங்களைக் காத்திருக்கச் சொன்னது? நேற்று வகுப்பில் கரும்பலகையில் அசோகர் என்று எழுதப்போய் அப்பாதுரை என்று எழுதிவிட்டேன். பிள்ளைகள் சிரித்தார்கள், எனக்குச் சிரிப்பு வரவில்லை. நீங்கள் அங்கே காத்திருப்பது இங்கே என் கழுத்தில் ஏறி உட்கார்ந்திருக்கிறது. கோபமாக இருக்கிறது, பயமாகவும் இருக்கிறது. தயவுசெய்து உப்பை வாருங்கள். யார் கூடையைத் தூக்கினால் என்ன?

ஞானம்

மரக்காணம்
5-3-1974

ஞானம்,

உன் கடிதம் வந்த வியாழக்கிழமையே முதல் கூடையை நானே தலையில் வைத்துவிட்டேன். பெண்கள் சிரித்த சிரிப்பு கடற்கரை வரை கேட்டிருக்கும். மறுநாள் மழை பிடித்துக்கொண்டது. பாத்தியிலிருந்த உப்பு முழுக்கக் கரைந்துவிட்டது.

ஆம்பிளை கை பட்டதால் வந்த மழையாம், அம்மா சொல்கிறாள். "பக்கத்து அளத்து அப்பாவு பொண்டாட்டிதானே அங்க கூடை தூக்கினா? அவங்க உப்பும்தானே கரைஞ்சுது?" என்றேன். "எதுத்துப் பேசக் கத்துக் குடுத்துட்டாளா?" என்று கேட்டுவிட்டு, பிரம்மதேசத்தில் என் தங்கை வீட்டுக்குப் போய்விட்டாள்.

நீ தேர்வை முடி. இப்போது இங்கே வராதே. எனக்கும் மனசு சரியில்லை.

அப்பாதுரை

பொம்மையார்பாளையம்
26-6-1974

மாமாவுக்கு,

வராதே என்று எழுதினீர்கள், பயிற்சி முடிந்ததும் இங்கே அப்பா வீட்டிலேயே இருந்துகொண்டேன். அதற்குப் பிறகு உங்களிடமிருந்து ஒரு வரி இல்லை. தபால்காரர் சைக்கிள் மணி கேட்டால் வாசலுக்கு ஓடுகிறேன். என்னைப் பார்த்தாலே அவர் இப்போது தலையைக் குனிந்துகொள்கிறார்.

நான் தேறிவிட்டேன். நேற்று கடலூருக்குப் போய் ஆசிரியை என்று பெயரையும் பதிந்துவிட்டேன். எந்த ஊரில் வேலை வந்தாலும் போவேன். இனி உப்பு பூக்கும் நேரத்தில் நான் வகுப்பில்தான் நிற்பேன். முதல் கூடையை யார் தூக்குவது? இதற்கு மட்டும் பதில் எழுதுங்கள். உங்களைப் பார்க்க ஆசையாகத்தான் இருக்கிறது. ஆனாலும் பதிலைப் பார்த்துவிட்டுத்தான் பெட்டி கட்டுவேன்.

ஞானாம்பாள்

மரக்காணம்
29-6-1974

அன்பு ஞானத்துக்கு,

நான் எழுதாமல் இருந்தது கோபத்தில் இல்லை, வெட்கத்தில். உப்பு போன ஆத்திரத்தில் உன்னை வராதே என்று சொல்லிவிட்டு, வா என்று எழுதக் கை வரவில்லை.

அம்மா திரும்பி வந்துவிட்டாள். நீ தேறியதையும் முதல் கூடையைப் பற்றிக் கேட்டதையும் சொன்னேன். உள்ளே போய் அந்தக் கூடையை எடுத்து வந்தாள். "இது பொம்பளைங்க தலைக்கு முடைஞ்சதுடா. உன் தலைக்கு நிக்காது. பெரிசா ஒண்ணு முடையச் சொல்லு" என்றாள்.

கூடை முடைபவரிடம் சொல்லிவிட்டேன். வியாழக்கிழமை வா. பஸ் நிற்கும் இடத்தில் இருப்பேன்.

உன்
அப்பாதுரை