சூட்டு மீட்டரில் நீ இழுத்த கோடு

அக்கா,

இன்று காலை மச்சான் நம் வீட்டு வாசலில் காரை நிறுத்தி, அதன் முகப்பில் எஞ்சின் சூட்டைக் காட்டும் மீட்டரைக் கழற்றினார். பிடுங்கினார் என்பதுதான் சரி. அதன் பின்னாலிருந்து ரேடியேட்டருக்கு ஓடும் மெல்லிய செம்புக் குழாயைக் குறட்டால் நறுக்கியதும் ஈதர் வாடை அடித்தது. அம்மா உன் மகளைத் தூக்கிக்கொண்டு கொல்லைப்புறம் போய்விட்டாள். அவளுக்கு அது ஆஸ்பத்திரி வாடை. எனக்கு அல்லிநகரத்தில் உன் வீட்டு முற்றத்தின் வாடை.

அப்போது உலகச் சண்டைக்காலம். சீமைச் சாமான் எதுவும் வரவில்லை. மச்சானின் வாடகைக் காரில் நான்கு மீட்டர்களும் செத்துக் கிடந்தன. "என் வெரலு ஜாக்கி லிவரு மாதிரி. இதுக்கு ஒன் வெரலுதான் சரி" என்று அவர் உன்னிடம் தள்ளிவிட்டார். நீ ஒவ்வொன்றாகப் பிரித்துத் துடைத்தாய். மங்கிய எண்களின் மேல் விளக்குமாற்று ஈர்க்கால் வெள்ளை பூசினாய். மூச்சுவிட்டால் பறந்துவிடும் முள்ளை மூச்சை அடக்கிக்கொண்டு பொருத்தினாய். மற்ற மூன்றும் அழகுக்கு. சூட்டு மீட்டர் அப்படியில்லை. அது செத்திருந்த சமயத்தில்தான் குமுளி ஏற்றத்தில் எஞ்சின் கொதித்து வெடிப்பு விட்டது. மழைக்காலம் முழுக்க வண்டி கொட்டகையில் கிடந்தது.

மீட்டரின் குழாய் விரிசல் விட்டு, உள்ளே இருந்த ஈதர் போய்விட்டிருந்தது. சூடேறினால் முள்ளைத் தள்ளுவது அந்த ஈதரின் ஆவிதான். நான் சென்னையில் ரசாயனம் படித்துப் பட்டம் வாங்கி வந்த புதிது. நம் ஊர் வெயிலுக்கே ஈதர் கொதித்துவிடும் என்று சொன்னேன். "அப்ப ஐஸுல வச்சுக் குளிப்பாட்டுவோம்" என்றாய். தர்மாஸ்பத்திரியில் போய் ஈதர் கேட்க எனக்கு வாய் வராது என்று தெரிந்து நீயே போனாய். "எந்தங்கச்சி படிச்சவ, அவ கேட்டான்னு சொன்னேன். கம்பவுண்டரு எந்திரிச்சு நின்னு குடுத்தாக" என்று சிரித்துக்கொண்டே வந்தாய்.

மதுரை பஸ்ஸில் மரத்தூளுக்குள் ஐஸ் வந்தது. உப்பைக் கலந்து அதில் குழாய் முனையிலிருந்த குமிழைப் புதைத்து, நான் ஈதரை விட, நீ ஈயம் வைத்து மூடினாய். பிறகு அடுப்பில் கொதித்த உலைக்குள் குமிழை இறக்கினோம். முள் மெல்ல எழுந்தது.

"என்ன புள்ள, சோறு வெந்துச்சான்னு மீட்டரா சொல்லும்?" என்றார் மச்சான்.

"ஒங்களுக்கு நாக்கு இருக்கு, கேட்டு வாங்கித் திங்கிறீக. வண்டிக்கு ஏது நாக்கு?" என்றாய்.

கொதிநிலைக்குச் சற்று முன்பாகவே சிவப்புக் கோடு இழுத்தாய். ஏன் என்று கேட்டேன். "கொதிச்ச பெறகு சொல்லி என்னாத்துக்கு? முன்னக்கூடியே சொல்லணும்."

அடுத்த வைகாசியில் உனக்கு வலி கண்டது. பிள்ளை குறுக்கே கிடப்பதாகவும் உடனே மதுரைக்குக் கொண்டுபோகும்படியும் மருத்துவச்சி சொன்னாள். பின்சீட்டில் அம்மாவின் மடியில் உன் தலை. முன்சீட்டில் மச்சான் பக்கத்தில் நான். திரும்பி உன் முகத்தைப் பார்க்கத் தைரியமில்லாமல் முள்ளையே பார்த்துக்கொண்டு வந்தேன். வலி விட்ட போதெல்லாம் நீ கேட்டாய்: "ஏத்தா, முள்ளு எங்கன நிக்குது?"

"நடுவுல, அக்கா."

ஆண்டிபட்டிக் கணவாயில் ஏறும்போது முள்ளும் ஏறியது. நீ மறுபடி கேட்டாய்.

"ஒன்னத்தான் கேக்குறேன்."

"கோட்டத் தாண்டிருச்சு, அக்கா."

"நிறுத்தச் சொல்லு."

"முள்ளு கெடக்கு புள்ள. நீ கண்ண மூடிப் படு" என்றார் மச்சான். ஆக்ஸிலேட்டரிலிருந்து அவர் காலை எடுக்கவில்லை.

"நான் வச்ச கோடு. எனக்குத் தெரியும். வண்டி வெடிச்சா இந்தக் காட்டுல நாம எல்லாரும் கெடக்கணும். நிறுத்துங்க."

நிறுத்தினார். வேலமரத்து நிழலில் ரேடியேட்டர் மூடியைத் திறந்தபோது ஆவி ஆள் உயரத்துக்குச் சீறியது. அது தணியும்வரை தண்ணீர் ஊற்ற முடியாது. மச்சான் சாலைக்கும் வண்டிக்குமாக நடந்தார். அம்மா முந்தானையால் உனக்கு விசிறினாள். நீ என் கையைப் பிடித்திருந்தாய். ஒவ்வொரு வலிக்கும் உன் பிடி இறுகியது; பிறகு இறுகுவது குறைந்தது. அது நல்லதற்கென்று நினைத்தேன்.

வண்டி கிளம்பியது, மதுரை போய்ச் சேர்ந்தது. பிள்ளையை உயிரோடு எடுத்தார்கள். உன்னைத் திருப்பித் தர முடியவில்லை. வெளியே வந்த நர்ஸம்மாள், எல்லாரிடமும் சொல்வதுபோலத்தான், "இன்னும் சித்த முந்தி வந்திருக்கலாம்" என்றாள். மச்சான் அந்தச் சொல்லை விடவேயில்லை.

இன்று மீட்டரைக் கையில் வைத்துக்கொண்டு என்னைப் பார்த்தார். என்னோடு நேருக்கு நேர் அவர் அதிகம் பேசியதில்லை. "நீ படிச்ச புள்ள. சொல்லு. நடுவுல நிக்குதுன்னு ஒரு வார்த்த சொல்லியிருந்தா நான் நிறுத்தாமப் போயிருப்பேன். வண்டி தாங்கியிருக்குமா? அவ இருந்திருப்பாளா?"

"தெரியல மச்சான்" என்றேன். அவர் மீட்டரைப் படியில் வைத்துவிட்டு, முகப்பில் ஓட்டையோடு வண்டியை எடுத்துக்கொண்டு போனார்.

அக்கா, எனக்கு உண்மையாகவே தெரியவில்லை. ஈதர் எந்தச் சூட்டில் கொதிக்கும் என்று தெரியும். அந்த ஏற்றத்தில் எஞ்சின் இன்னும் எத்தனை தூரம் தாங்கியிருக்கும், நீ எத்தனை நேரம் தாங்கியிருப்பாய் என்று எந்த வகுப்பிலும் படிக்கவில்லை. "நடுவுலதான், அக்கா" என்று இப்போதெல்லாம் வாய்க்குள் சொல்லிப் பார்க்கிறேன். எவ்வளவு சுலபமாக வருகிறது! அன்று வரவில்லை. நீ இழுத்த கோடு பொய் என்று உன்னிடமே சொல்ல என்னால் முடியவில்லை. இன்னொரு தடவை பின்சீட்டிலிருந்து நீ கேட்டால் எதைச் சொல்வேன் என்றும் தெரியவில்லை. நீ கேட்கமாட்டாய் என்பது மட்டும் தெரிகிறது.