முன்கல்லும் துணிக்கொடிக் கம்பமும்

அன்புள்ள மகளுக்கு,

உன் சித்தப்பா பின்பக்கத்து எல்லைக்கல்லைப் பிடுங்கி எறிந்துவிட்டார். இதை எழுதி முடித்தால்தான் நலம் விசாரிக்கவே எனக்கு மனம் வரும். நீ சுகமாக இருக்கிறாயா, வேளைக்குச் சாப்பிடுகிறாயா? இங்கே அப்பாவுக்குப் பிரஷர் பரவாயில்லை, எனக்குத்தான் ஏறிக்கிடக்கிறது. நான் அப்பாவை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போய்த் திரும்புவதற்குள் கொத்தனாரைக் கூட்டிவந்து காரியத்தை முடித்திருக்கிறார். புதுச் சுவருக்குக் கட்டிய கயிற்றின் ஒரு முனை முன்வாசல் எல்லைக்கல்லில், மறுமுனை நம் பக்கம் தள்ளி அடித்த ஒரு முளையில். அந்தக் கயிற்றின்படி சுவர் எழும்பினால் பின்னால் போகப்போக நம் வீட்டுப் பக்கச் சந்து குறுகி, அப்பாவின் சக்கர நாற்காலி குளியலறைக் கதவுக்கு முன்னாலேயே சிக்கிக்கொள்ளும். படி இல்லாத வழி அது ஒன்றுதான் என்று உனக்கே தெரியும். கேட்டால், முன்னாடி கல்லு அங்கேயேதானே இருக்கு அண்ணி, அதை யாரு தொட்டா என்கிறார். ஒரு கல்லை மட்டும் வைத்துக்கொண்டு கடிகார முள் மாதிரி எந்தப் பக்கமும் கோடு இழுக்கலாம். இரண்டு கல் இருந்தால்தான் கோடு ஒன்றே ஒன்று, அப்புறம் யார் நினைத்தாலும் அசையாது. நீ படித்து முடித்த கணக்குப் புத்தகத்தை அடுப்படியில் வைத்துப் படித்தவள் நான். யாரும் பாடம் நடத்தவில்லை, அதனால் மறக்கவும் இல்லை.

ஆனால் அவர் ஒன்றை மறந்துவிட்டார், துணிக்கொடிக் கம்பத்தை. பாகம் பிரித்த அன்று இரண்டு கல்லுக்கும் நடுவே கட்டிய கயிற்றை ஒட்டித்தான் அந்த இரும்புக் கம்பத்தை நட்டார்கள், இரண்டு வீட்டுக்கும் பொதுவாக இருக்கட்டும் என்று. அதையும் பிடுங்கினால் சித்தி துணியை எங்கே காயப்போடுவாள்? அதனால் விட்டுவைத்திருக்கிறார்கள். ஒரு கோட்டில் எந்த இரண்டு புள்ளி கிடைத்தாலும் அதே கோடுதான். முன்கல்லிலிருந்து கம்பத்துக்குக் கயிறு பிடித்து அப்படியே பின்னால் நீட்டினேன், புது மண் போட்டு மூடிய குழியின் நடுவில் போய் நின்றது. சித்தி மாடியிலிருந்து பார்த்துவிட்டு, அக்கா, காயுற துணியை மட்டும் கீழே தள்ளிடாதீங்க என்றாள். தள்ளவில்லை.

அன்றிலிருந்து அந்த முளைக்குப் பக்கத்தில்தான் உட்கார்ந்திருக்கிறேன். மர நாற்காலி அந்த மேடுபள்ளத்தில் ஆடியது, முக்காலியைக் கொண்டுவந்தேன். மூன்று கால் எங்கே ஊன்றினாலும் ஒரு தளத்தில் நிற்கும். நாலாவது கால்தான் ஒத்துவராமல் தொந்தரவு கொடுக்கும். நம் குடும்பத்தில் அது யார் என்று நான் எழுத வேண்டியதில்லை. கொத்தனார் செங்கல்லோடு வந்து, கொஞ்சம் நகர்ந்துக்கோங்கம்மா, வேலை கெடுது என்றார். நான் பீன்ஸ் நறுக்கிக்கொண்டிருந்தேன், நகரவில்லை. இதையெல்லாம்விட என்னைச் சுட்டது வேறு. அம்மாகிட்ட நான் பேசிக்கிறேன் சித்தப்பா, ஒரு அடிதானே என்று நீ அவரிடம் போனில் சொன்னாயாமே. அந்த ஒரு அடியில்தான் உன் அப்பா போய்வருகிறார்.

ஆகவே, நடக்க வேண்டியது இது. கொத்தனார் முளையைப் பிடுங்க வேண்டும். உன் சித்தப்பா கல்லைத் தன் கையால் பழைய குழியில் நட வேண்டும். சித்தி துணியைத் தாராளமாகக் காயப்போடட்டும், கம்பத்தை யாரும் தொடக்கூடாது. அப்பா நாற்காலியை உருட்டி ஒரு முறை போய்வந்து, வழி சரி என்று சொல்ல வேண்டும். அதுவரை முக்காலி என் பொறுப்பு. நீ நோய்நொடி இல்லாமல் நன்றாக இரு, குளிரில் தலையை மூடாமல் வெளியே போகாதே. இதைப் படித்ததும் சித்தப்பாவுக்குப் போன் போட்டு, ஒரு அடிதானே என்று சொன்ன அதே வாயால், ஒரு விரற்கடைகூடக் கிடையாது என்று சொல்.

இருந்த இடத்தைவிட்டு நகராத,
உன் அம்மா