அவன் மட்டும் கேட்ட வசனம்

உங்கள் மகன் சுதனைக் கொன்றவன் விடுதலை கேட்டுக் கொடுத்த மனுவை நீதிமன்றம் விசாரணைக்கு எடுத்துக்கொண்டுவிட்டது. இன்று காலை உங்கள் வழக்கறிஞர் தொலைபேசியில் சொன்னார். மதியம் நீதிமன்றத்தின் ஊடகப் பிரிவு உறுதிப்படுத்தியது. விசாரணை மூடிய அறையில் நடக்கும். அவனை நேரில் அழைத்துக் கேட்பார்கள். இதற்கு மேல் இப்போதைக்கு எதுவும் உறுதியில்லை, அக்கா.

இரண்டாவது அழைப்பு வந்தபோது ஹம்பேர்க் தலைமை ரயில் நிலையத்தின் வெளிப்புறத்தில், பொரித்த சொசேஜ் விற்கும் கடையோரம் நின்றுகொண்டிருந்தேன். தக்காளிச் சாற்றின் புளிப்பும் கறித்தூளும் எண்ணெய்ப் புகையும் கலந்த மணம். அது மூக்கில் ஏறினாலே எனக்கு உங்கள் மகனின் எட்டுச் செலவுதான் நினைவுக்கு வரும்.

இறந்தவர் விரும்பிச் சாப்பிட்டதையெல்லாம் எட்டாம் நாள் படைப்பது நம் வழக்கம். நீங்கள் தலைவாழையிலையில் சோறும் கணவாய்க் கறியும் வைத்து, அவற்றின் நடுவில் ஒரு காகிதத் தட்டில் கறிவூர்ஸ்ட் என்ற அந்தக் கறித்தூள் சொசேஜை வைத்திருந்தீர்கள். அதைக் குத்திச் சாப்பிடும் சின்ன மர முள்ளும் பக்கத்தில் இருந்தது. மின்வேலைப் பயிற்சி முடித்து, வேலையிலிருந்து வரும் வழியில் சுதன் தினமும் வாங்கிச் சாப்பிட்டது அது.

அண்டை வீட்டுக்காரர் போல உரிமையோடு முன்னால் வந்து நின்றவர் இங்குள்ள நம் தமிழ்ச் சங்கத்தின் தலைவர்.

"இதென்ன அக்கா, படையலுக்குக் கடைச் சாமானோ?"

"அவன் ஆசைப்பட்டதைத்தானே படைக்க வேணும், அண்ணை. உங்கட எட்டுக்கு உங்களுக்கு ஆசையானதைப் படைப்பினம். இப்ப பேசாமல் இருங்கோ."

அழுதுகொண்டிருந்த பெண்கள் சிலர் சிரிப்பை அடக்கச் சேலைத் தலைப்பைத் தேடினார்கள். தலைவர் சளைக்கவில்லை. சுவரோரம் உட்கார்ந்து, எல்லோருக்கும் கேட்கும்படி சொன்னார்:

"இந்த நாட்டுச் சட்டம் ஒரு சட்டமே? எங்கட பெடியன் ஒருத்தனே கூடப் படிச்சவனைக் கார் நிறுத்துற இடத்துக்குக் கூப்பிட்டு முதுகில குத்தியிருக்கிறான். ஊரிலை எண்டா இதுக்குள்ள லைட் போஸ்ட்டில கட்டியிருப்பம். ஒரு நிமிசமும் விடக்கூடாது."

எண்பதுகளில் ஊரில் ஆயுத இயக்கங்கள் எங்கள் சந்திகளில் மின்கம்பத்தில் ஆட்களைக் கட்டிச் சுட்ட காலத்தை அவர் சொன்னார். அறை அவரோடு தலையாட்டியது. நீங்கள் ஆட்டவில்லை.

"லைட் போஸ்ட்டில கட்டினதை நானும் கண்டனான். கழுத்தில துரோகி எண்டு எழுதின மட்டையைத் தொங்கவிட்டிருந்தவை. அந்த ஆளிட்ட ஒருத்தரும் ஒண்டும் கேக்கேல்லை. சுட்டுட்டுப் போட்டினம். என்ன செய்தவன், ஏன் செய்தவன் எண்டு இண்டைக்கு வரைக்கும் எங்கட ஒழுங்கையில ஒருத்தருக்கும் தெரியாது."

செய்தியாளனாக நான் அன்று அங்கே போகவில்லை. ஆனால் அதைக் கேட்டபின் வழக்கு முழுவதும் உங்கள் பக்கத்தில் உட்கார்ந்து எழுதுவது என்று முடிவு செய்தேன்.

வழக்கில் எல்லாம் நிரூபணமானது. கத்தி, தொலைபேசி அழைப்பு விபரம், பொறாமை, முதலே போட்ட திட்டம். நிரூபணமாகாத ஒன்று மட்டும் இருந்தது. எதிர்க் கட்டடத்தின் மாடி முகப்பில் நின்ற ஜெர்மன் பெண்மணி சாட்சி சொன்னார்: குத்துப்பட்டவர் திரும்பினார், குத்தியவரின் முகத்தைப் பார்த்து ஏதோ சொன்னார், பிறகுதான் விழுந்தார். கத்தவில்லை. ஒரு சின்ன வசனம். தனக்கு அந்த மொழி தெரியாது.

நீங்கள் என் கையைப் பிடித்தீர்கள். "தம்பி, அந்த மனுசி என்ன சொன்னவ? எனக்கு விளங்கினதுதான். எண்டாலும் சரியாச் சொல்லுங்கோ."

சொன்னேன். நீங்கள் எழுந்து நின்று கொன்றவனைப் பார்த்தீர்கள். அவன் மேசையைப் பார்த்துக்கொண்டிருந்தான். அவனது வழக்கறிஞர் அவன் சார்பில் வருத்தம் தெரிவித்து ஒரு தாளை வாசித்தார். அவன் வாய் கடைசி வரை திறக்கவில்லை. பேசாமல் இருப்பது அவனது உரிமை என்று சட்டம் சொல்கிறது. சட்டம் சொல்வது சரி. இன்றும் அப்படித்தான் நினைக்கிறேன்.

ஆயுள் தண்டனை என்று தீர்ப்பு வந்த அன்று, படிக்கட்டில் நம்மவர்கள் கூடி நின்று இரண்டு கட்சியாகப் பிரிந்தார்கள். காணாது, இது போதாது என்றார்கள் சிலர். சின்னப் பெடியன், வாழ்க்கை போய்விட்டதே என்றார்கள் சிலர். என் வேலை அதுதானே, உங்களிடம் நானும் கேட்டேன். தண்டனை போதுமா?

"வருசத்தை அவை எண்ணட்டும், தம்பி. அது அவையின்ர வேலை. என்ர பிள்ளை கடைசியாச் சொன்னது இந்த உலகத்தில அவன் ஒருத்தனுக்குத்தான் தெரியும். அவனைத் தூக்கில போட்டால் அதுவும் சேர்ந்து போயிடும். அவன் இருக்கட்டும். வாய் திறந்து அதைச் சொல்லட்டும். அண்டைக்குக் காணும் எண்டு நான் சொல்லுறன்."

அதை என் தமிழ்ப் பத்திரிகையில் அப்படியே அச்சிட்டேன். இரண்டு கட்சியும் என்னைத் திட்டின.

இந்நாட்டில் ஆயுள் தண்டனை பெற்றவர் பதினைந்து ஆண்டுகளாவது உள்ளே இருந்த பின்பே விடுதலை கேட்க முடியும். கிடைக்கும் என்பதற்கு உத்தரவாதம் இல்லை. நம்மவர்கள் அதைப் பதினைந்து ஆண்டுத் தண்டனை என்றே புரிந்துகொண்டார்கள். அந்த ஆண்டுகள் முடிந்ததும் தலைவர் உங்கள் வீட்டுக்கு வந்தார். இடையில் அவருடைய மகள், கொன்றவனின் தம்பியைக் கட்டியிருந்தாள். நீங்கள் தேத்தண்ணி வைத்தீர்கள். நானும் இருந்தேன்.

"அக்கா, பதினைஞ்சு வருசம் காணும்தானே. தாய் மன்னிச்சிட்டா எண்டு ஒரு கையெழுத்து வைச்சால் நாளைக்கே திறந்து விடுவாங்கள்."

ஊரில் இரண்டு குடும்பத்தையும் இருத்தி வைத்து இணக்கம் பேசி முடிப்பதுபோல இங்கேயும் முடிக்கலாம் என்று அவர் உண்மையாகவே நம்பினார். நீதிமன்றம் மன்னிப்பைத் தேடவில்லை, அவன் இனி ஆபத்தானவனா என்றுதான் பார்க்கும் என்று சொன்னேன்.

"உமக்குத் தெரியாது, தம்பி. தாயின்ர சொல்லுக்கு எங்கையும் மதிப்பு இருக்கு."

நீங்கள் கோப்பையைக் கீழே வைத்தீர்கள்.

"அண்டைக்கு ஒரு நிமிசமும் விடக்கூடாது எண்டனீங்கள். இண்டைக்குக் காணும் எண்டுறியள். என்ர பிள்ளை அண்டைக்கும் செத்தவன்தான், இண்டைக்கும் செத்தவன்தான். மாறினது உங்கட சம்பந்தம். தேத்தண்ணி ஆறப்போகுது, குடியுங்கோ."

அவர் குடித்தார். வேறு என்ன செய்வார்?

அவர் போனபின், நீதிமன்றக் கோப்பில் சேர்க்க உங்கள் கேள்வியை ஜெர்மன் மொழியில் எழுதித் தரச் சொன்னீர்கள். அவன் விடப்படக்கூடாது என்று ஒரு சொல்லும் சேர்க்க வேண்டாம் என்றீர்கள். விடப்படலாம் என்றும் வேண்டாம். சுதன் என்ன சொன்னான் என்ற கேள்வி மட்டும். பிறகு ஒன்றைக் கூட்டினீர்கள்: "பதிலைத் தமிழிலையே சொல்லட்டும். என்ர பிள்ளை டொச்சுப் பாஷையிலை சாகேல்லை."

கடந்த குளிர்காலத்தில் நீங்கள் போய்விட்டீர்கள். உங்கள் எட்டுக்கும் தலைவர் வந்து முன்வரிசையில் இருந்தார்.

இன்று மாலை அவரே அழைத்தார். மனுச் செய்தி அவருக்கும் கிடைத்துவிட்டது.

"தம்பி, சாகேக்கை அக்கா மன்னிச்சிட்டா எண்டு ஒரு வரி போடுமன். போனவவுக்கும் நிம்மதி."

"ஆர் கேட்டது, அண்ணை? நீங்கள் கேட்டனீங்களோ?"

"கேக்கத்தான் வேணுமே? நல்ல விசயம்தானே."

"நல்ல விசயம் எண்டதுக்காக நடக்காததை எழுத ஏலாது."

"செத்த சனம் வந்து மறுக்கப் போகுதே?"

"இல்லை. அதுக்குத்தான் நான் இருக்கிறன்."

அவர் தொடர்பைத் துண்டித்தார். நாளைக்குச் சங்கத்தில் என்னைப் பற்றி என்ன பேசுவார்கள் என்று தெரியும். பேசட்டும். கொலைக்கு எவ்வளவு தண்டனை போதும் என்று கேட்டு உங்களைத் தராசுத் தட்டு ஆக்கப் பார்த்தார்கள். முதலில் கோபத்தை ஏற்றினார்கள், பிறகு கருணையை ஏற்றினார்கள். இரண்டும் உங்களுடையதல்ல. மன்னிக்காத தாய் கல்நெஞ்சுக்காரி என்று எவர் சொன்னாலும், பழி கேட்காத தாய் பாசமில்லாதவள் என்று எவர் சொன்னாலும், அவர்கள் முதலில் என்னிடம் பதில் சொல்லிவிட்டுப் போகட்டும். உங்கள் வாயில் நீங்கள் வைக்காத சொல்லை என் பத்திரிகையில் எவரும் வைக்க முடியாது. அவன் வெளியே வரலாம், வராமலும் போகலாம். இரண்டையும் ஒரே அளவு எழுத்தில் செய்தியாகப் போடுவேன். உங்களிடமிருந்து என்னிடம் மிச்சமிருப்பது அந்தக் கேள்வி மட்டும்தான். அதைக் கீழே வைக்கமாட்டேன்.

விசாரணை இலையுதிர்காலப் பள்ளி விடுமுறைக்குப் பிறகு நடக்கும் என்று எதிர்பார்க்கப்படுகிறது. உங்கள் கேள்வி கோப்பில் இருக்கிறது என்பதை வழக்கறிஞர் உறுதிப்படுத்துகிறார். நீதிபதி அதைக் கேட்பாரா என்பது தெரியவில்லை. கேட்டாலும் அவன் பதில் சொல்லக் கடமைப்பட்டவன் அல்ல. அவனுக்கு ஜெர்மன் நன்றாகத் தெரியும் என்பதால் மொழிபெயர்ப்பாளர் இருக்கமாட்டார். அவன் தமிழில் சொன்னாலும், அந்த அறையில் அது விளங்கக்கூடியவன் இம்முறையும் அவன் ஒருவனாகவே இருப்பான்.

அதனால் அன்று நான் வெளியே, அந்தக் கதவுக்கு நேரே உள்ள வாங்கில் உட்கார்ந்திருப்பேன். தமிழ் தெரிந்த ஒருவர் வேண்டும் என்று உள்ளிருந்து யாராவது எட்டிப் பார்த்தால், அவர்கள் தேடவேண்டியதில்லை.