அம்மாவின் ரகசியப் பை

அன்புள்ள அம்மாவுக்கு,

நான் நலம். உன் முழங்கால் வலி இப்போது எப்படி இருக்கிறது?

நீ உள்பாவாடையில் தைத்துக்கொள்ளும் ரகசியப் பையைக் கம்ப்யூட்டரில் வரைந்து, கம்பெனியின் புது கவுனில் வைத்துக் காட்டினேன். எல்லோரும் கைதட்டினார்கள். மேனேஜரே எனக்கு நாற்காலி இழுத்துப் போட்டார். அப்போதே சந்தேகம் வந்துவிட்டது.

"நாமெல்லாம் ஒரே குடும்பம்மா. டிசைனை என் பேர்ல ஹெட் ஆபீஸுக்கு அனுப்பிடலாம்."

"குடும்பம்னா எங்கம்மா பேரையும் போடுங்க சார்."

சிரித்துக்கொண்டே நாற்காலியைத் திரும்ப எடுத்துக்கொண்டார். ஆடு நனைகிறதென்று ஓநாய் அழுத கதைதான்.

பயப்படாதே, வேலை போகவில்லை. பையின் வாயை மூடும் மடிப்பை நான் இன்னும் யாருக்கும் காட்டவில்லை. உன் பழைய உள்பாவாடை ஒன்றை அனுப்பு. நம்முடையது என்பதற்கு அதுதான் சாட்சி. துவைக்காமலே அனுப்பு, நீ உடுத்திய பழசு என்று பார்த்தவுடனே தெரியட்டும்.

வேலைக்குத் திரும்பும் மணி அடித்துவிட்டது.

உன் மகள்